அளவு ஜாக்கெட்

"வேலையை விட்டுரலாமா டீச்சர்?"

மங்கையர்க்கரசி கேட்டா.

பொற்கொடி நிமிர்ந்து பாத்தா. உதட்டுக்கு நடுவுல நாலு குண்டூசி. கையில யாரோ ஒரு கல்யாணப் பொண்ணோட பட்டு ஜாக்கெட்.

"ம்."

அவ்வளவுதான். மறுபடியும் குனிஞ்சுக்கிட்டா.

மங்கை நின்னுக்கிட்டே யோசிச்சா. அது விட்டுருங்கங்கிற 'ம்'மா? வேண்டாம்ங்கிற 'ம்'மா? இல்ல, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குதுங்கிற 'ம்'மா?

எதுக்கும் இருக்கட்டும்னு கொஞ்சம் தள்ளி நின்னா.

பொற்கொடி உடனே ஊசியைக் குத்த ஆரம்பிச்சா.

மூணாவதுதான் போலிருக்கு.

*

பொற்கொடியோட தையல்கடை விருத்தாசலத்துல கடைத்தெருவுல, ஒரு ஃபேன்சி ஸ்டோருக்கு மேல, மாடியில. இரும்புப் படி. யாரு ஏறினாலும் டங்கு டங்குன்னு கேக்கும். உள்ள ரெண்டு மிஷின், ஒரு வெட்டு மேஜை, ஒரு ஆளுயரக் கண்ணாடி, போட்டுப் பாக்கறதுக்கு ஒரு திரை. போர்டு கூட கிடையாது.

ஆனா ஊருக்கே தெரியும். சொன்ன தேதிக்கு ஜாக்கெட்டைக் குடுக்கிற டைலர். வியாழக்கிழமைன்னா வியாழக்கிழமை. ஹூக்கு வெச்சு, இஸ்திரி போட்டு.

ஒரு ஆளை குருன்னு ஒத்துக்க இதுக்கு மேல என்ன அற்புதம் வேணும்?

மங்கைக்கு நாப்பத்தேழு வயசு. பொற்கொடிக்கு முப்பத்தொண்ணு. குரு சிஷ்யையை "அக்கா"ங்கிறா. சிஷ்யை குருவை "டீச்சர்"ங்கிறா. முதல் நாளே அதுல ஒரு தகராறு.

"என்னை எதுக்குக்கா டீச்சர்ங்கிறீங்க? நான் யாருக்கும் எதுவும் சொல்லிக் குடுக்கறதில்லையே."

"அதனாலதான் வந்தேன். மத்தவங்க எல்லாரும் சொல்லிக்கிட்டே இருக்காங்க."

பொற்கொடி அதுக்கு மேல வாதாடல. வாயில ஊசியை வெச்சுக்கிட்டா.

*

விஷயம் இதுதான்.

மங்கைக்கு ஒரு கூட்டுறவு சங்கத்தோட உள்ளூர்க் கிளையில வேலை. தலைமை எழுத்தர். அந்தக் கிளையை மூடப் போறாங்க. ஒண்ணு, பதவி உயர்வோட தூத்துக்குடி போகணும். இல்ல, விருப்ப ஓய்வுன்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போகணும். எதுன்னு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சொல்லியாகணும்.

தூத்துக்குடின்னாலே மங்கை பேச்சை மாத்திருவா. தையலை நெனச்சா நெஞ்சு குறுகுறுன்னுச்சு.

அவளுக்குத் தையல்னா உசுரு. விடிகாலையில எழுந்து மிஷின் முன்னாடி உக்காந்தான்னா, பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு, கேஸ் நாத்தம் வந்து, வீட்டுக்காரர் இருமிக்கிட்டே ஓடி வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டா. தனக்குத் தைப்பா. தங்கச்சிக்கு, நாத்தனாருக்கு, ஆபீஸ்ல எல்லாருக்கும் தைப்பா. பின் கழுத்துல இலை மாதிரி வளைவு, ஓரத்துல நூல் மாதிரி பைப்பிங், கையில குட்டிக் குட்டியா துணிப் பொத்தான். போட்டுக்கிட்டுப் போனா கல்யாண வீட்டுல நாலு பேர் முதுகைத் தொட்டுப் பாப்பாங்க.

"எங்க தைச்சே?"

"நானே."

"அய்யோ! கடை போடு மங்கை! பிச்சுக்கிட்டுப் போகும்!"

எல்லாரும் சொல்லிட்டாங்க. வீட்டுக்காரர் திருஞானத்துக்கிட்டயும் கேட்டுப் பாத்தா.

"ஏங்க, நான் கடை போட்டா எப்படி இருக்கும்?"

"உன் இஷ்டம்."

இந்த 'உன் இஷ்டம்' இருக்கே, அதை வீட்டுக்காரங்க வேட்டியை உதறிக்கிட்டே சொன்னா ஒரு அர்த்தம். டி.வி.யைப் பாத்துக்கிட்டே சொன்னா வேற. திருஞானம் ரெண்டும் பண்ணாரு.

அதனாலதான் மங்கை ரெண்டு வாரம் லீவு போட்டுட்டு இரும்புப் படி ஏறி வந்தா. பத்து நாள் கூட இருந்து பாத்தா பொற்கொடி சொல்லிருவா. 'உங்களுக்கு இதுதான்கா. விட்டுட்டு வாங்க.' அந்த ஒரு வார்த்தை போதும்.

*

முதல் நாள் பொற்கொடி அவகிட்ட ஒரு மூட்டையைக் குடுத்தா. ஒரு பிளேடையும் குடுத்தா.

"பிரிங்க."

மூட்டை நிறைய ஜாக்கெட்டு. குண்டானவங்களோடது, மெலிஞ்சவங்களோடது, புள்ளை பெத்தவங்களோடது, வேற டைலர்கிட்டப் போய் கெடுத்துட்டு வந்தவங்களோடது.

மங்கை பிரிச்சா. நூல் நூலா எடுத்தா. சாயங்காலம் மடி முழுக்க பல நிறத்துல நூல் துணுக்கு.

மறுநாளும் அதே.

"டீச்சர், நான் தைக்க வந்தேன்."

"ம்."

"தைக்கறதுதான் எனக்குப் பிடிக்கும். பிரிக்கறது இல்ல."

பொற்கொடி ஊசியை வாயிலிருந்து எடுத்தா. மங்கை நிமிர்ந்து உக்காந்தா.

"ஜன்னல் பக்கமா உக்காருங்கக்கா. கண்ணு வலிக்காது."

திருப்பி வாயில வெச்சுக்கிட்டா.

*

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டுரலாம்னு மங்கை கணக்குப் போட்டா. அப்ப வாயில ஊசி இருக்காது.

ஊசி இல்லை. எலுமிச்சை சாதம் இருந்துச்சு.

நாலு மணிக்கு டீ வரும். அப்ப கேக்கலாம். டீயோட ஒரு பொம்பளையும் வந்தாங்க. ஏறும்போதே படியில இருந்து பேச்சு.

"பொற்கொடி, போன தடவை தைச்ச மாதிரியே வேணும். ஆனா அந்த மாதிரி வேண்டாம்."

"ம்."

"இறுக்கமா இருக்கணும். ஆனா மூச்சு விடணும்."

"ம்."

"கழுத்து நல்லா இறக்கம் வை. ஆனா எங்க மாமியார் பாத்தா தெரியக்கூடாது."

"ம்."

"என்னைக்கு?"

"புதன்."

அந்தம்மா திருப்தியா இறங்கிப் போனாங்க.

மங்கைக்குத் தாங்கல.

"அவங்க என்ன கேட்டாங்கன்னு உங்களுக்குப் புரிஞ்சுதா?"

பொற்கொடி ஆறிப்போன டீயை ஒரே மடக்கா குடிச்சா.

"அவங்களுக்கே புரியலக்கா."

"அப்ப எப்படித் தைப்பீங்க?"

பதில் வர்றதுக்குள்ள அடுத்த ஆள் படியேறிட்டாங்க.

*

அடுத்த நாள் மங்கை தன்னோட துருப்புச் சீட்டை எடுத்துட்டு வந்தா. ஒரு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா தைச்ச ஜாக்கெட். மயில் கழுத்து நிறம். முதுகு முழுக்க அவளே போட்ட கொடி. மேஜை மேல விரிச்சு வெச்சா.

கடைக்கு வந்திருந்த ரெண்டு பேர் "அம்மாடி"ன்னாங்க.

பொற்கொடி கையைத் தொடச்சுக்கிட்டு வந்தா. எடுத்தா. முதுகைப் பாக்கல. உள்பக்கமா திருப்பினா. தையலை விரலால தடவிப் பாத்தா. தோள்ல, கை வந்து சேர்ற கைக்குழியில, பக்கவாட்டுல. திருப்பி மடிச்சுக் குடுத்தா.

வாயில ஊசி இல்லை.

"யாருக்குக்கா?"

"யாருக்கும் இல்ல டீச்சர். சும்மா. ஆசைக்குத் தைச்சேன்."

"ம். அதான் இவ்வளவு நல்லா இருக்கு."

மங்கை பூரிச்சுப் போயிட்டா. சாயங்காலம் வீட்டுக்குப் போய் திருஞானத்துக்கிட்ட சொன்னா.

"நல்லா இருக்குன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க."

"அப்படியே சொல்லுச்சா அந்தப் பொண்ணு? என்னன்னு?"

மங்கை அப்படியே சொல்லிக் காட்டினா. சொல்லி முடிக்கும்போது குரல் கொஞ்சம் கீழ இறங்குச்சு. ஏன்னு தெரியல.

*

"உங்களுக்கு சின்ன வயசுல இருந்தே தையல்னா ஆசையா டீச்சர்?"

ஒரு காலையில, கடை திறந்த உடனே, யாரும் வர்றதுக்கு முன்னாடி மடக்கிப் பிடிச்சுக் கேட்டுட்டா.

பொற்கொடி மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு இருந்தா.

"இல்லக்கா. எனக்கு லாரி ஓட்டணும்னு ஆசை."

"லாரியா?"

"பத்து சக்கரம்."

மங்கை சிரிச்சா. பொற்கொடி சிரிக்கல.

"அப்ப இது பிடிக்காமயா செய்யறீங்க?"

"பிடிச்சுத்தான் செய்யறேன்."

"எப்படி? எதைப் பிடிச்சு?"

அப்ப கீழ படியில சத்தம் கேட்டுச்சு. டங்கு... டங்கு. டங்கு... டங்கு. ஒரு கால் அழுத்தி, ஒரு கால் மெல்ல.

பொற்கொடி எண்ணெய்க் குப்பியைப் பிடிச்ச கையாலயே வாசப் பக்கம் காட்டினா.

மங்கை எட்டிப் பாத்தா. ஒரு வயசான அம்மா மூச்சு வாங்கிக்கிட்டு ஏறி வந்தாங்க. மூட்டுவலி. அவ்வளவுதான்.

இதுல என்ன இருக்கு?

*

திங்கக்கிழமை அஞ்சுகத்தோட துணி வந்துச்சு.

அஞ்சுகம் வரல. துணிதான் வந்துச்சு.

அந்தப் பக்கம் அதுதான் பழக்கம். ஆள் வரணும்னு இல்ல, அளவு ஜாக்கெட் வந்தா போதும். நல்லா உடம்புல உக்கார்ற பழைய ஜாக்கெட் ஒண்ணை யார்கிட்டயாவது குடுத்தனுப்பிருவாங்க. அதை வெச்சு டைலர் தைப்பாரு. ஆள் முகத்தையே பாக்காம முப்பது வருஷம் தைச்சவங்க உண்டு.

அஞ்சுகத்தோட பக்கத்து வீட்டுக்காரம்மா பையை மேஜை மேல வெச்சாங்க.

"பெரியகண்டியங்குப்பம் அஞ்சுகம் குடுத்துச்சு. அதோட மகளுக்கு ஞாயித்துக்கிழமை நிச்சயம். எப்பவும் தைக்கிற செல்லையா கண்ணு தெரியலன்னு கடையை மூடிட்டு மகன் வீட்டுக்குப் போயிட்டாராம். இது அஞ்சுகம் போட்டுக்க. பட்டுப் புடவையிலயே இருக்கிற துணி. பாத்துப் பண்ணுங்க, வேற துணி கிடையாது."

அவங்க போயிட்டாங்க.

பொற்கொடி பையை எடுத்தா. மங்கை முன்னாடி வெச்சா.

மங்கை கையில இருந்த பிளேடைக் கீழ வெச்சா.

"நானா?"

"இதே மாதிரி."

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா டீச்சர்?"

பொற்கொடி கொஞ்சம் யோசிச்சா.

"உள்ள துணி விடுங்க."

இதை எந்த டைலரும் எல்லாருக்கும் சொல்றதுதான். நாளைக்கு உடம்பு பெருத்தா பிரிச்சு விட்டுக்கலாம்னு உள்பக்கம் கொஞ்சம் மிச்சம் விடுவாங்க. இதுவும் ஒரு உபதேசமான்னு மங்கைக்கு இருந்துச்சு.

*

மங்கை பழைய ஜாக்கெட்டை மேஜையில விரிச்சா. வெளுத்துப்போன கிளிப்பச்சை. நீவினா. அது நீவலுக்கு அடங்கல.

உத்துப் பாத்தா.

வலது தோள் ஒரு சரிவு. இடது தோள் வேற சரிவு, மடமடன்னு இறங்குது. இடது கைக்குழி கீழ போய் உக்காந்திருக்கு. கழுத்து வளைவு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்குது.

"டீச்சர், இது என்ன கூத்து? கண்ணு தெரியாத காலத்துல தைச்சதா இது?"

பொற்கொடி மிஷின்ல இருந்தா. சத்தத்துல கேட்டுச்சோ இல்லையோ.

"பாவம் அந்தம்மா. இதைப் போய் நல்லா உக்காருதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்காங்க."

மங்கை டேப்பை எடுத்தா. சாக்பீஸை எடுத்தா. நல்லா இருந்த வலது பக்கத்தை அளந்தா. அதையே இடது பக்கத்துக்கும் போட்டா.

கத்திரி பட்டுல இறங்குச்சு. அந்தச் சத்தம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் அவளுக்கு ஒண்ணும் தெரியல. யார் வந்தாங்க, யார் போனாங்க, டீ எப்ப ஆறுச்சு, எதுவும் தெரியல. கழுத்தை இலை மாதிரி வளைச்சா. அரக்கு நிறத்துல நூலிழை மாதிரி பைப்பிங் வெச்சா. அஞ்சுகம் கேக்கல. இருந்தாலும் மக நிச்சயம் இல்லையா? நல்லா இருக்கட்டுமே.

முணுமுணுன்னு ஒரு பாட்டு கூட வாயில வந்துச்சு. இதுக்குத்தானே பொறந்தோம்னு தோணுச்சு. தூத்துக்குடி எங்கயோ கடலுக்குள்ள போயிருச்சு.

முடிச்சு, இஸ்திரி போட்டு, பொற்கொடி முன்னாடி நீட்டினா.

பொற்கொடி புதுசைப் பழசுக்குப் பக்கத்துல வெச்சா. ரெண்டையும் கொஞ்ச நேரம் பாத்தா.

"ரெண்டும் வேற மாதிரி இருக்கேக்கா."

"ஆமா டீச்சர். அதுல தப்பு இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

பொற்கொடி புது ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினா. பக்கவாட்டுல விட்ட துணியை விரலால அளந்து பாத்தா.

"நிறைய விட்டிருக்கீங்க."

"நீங்க சொன்னீங்களே."

"ம். அவங்களை ஒருதரம் வரச் சொல்லுங்க. போட்டுப் பாக்கட்டும்."

*

வெள்ளிக்கிழமை மத்தியானமே மங்கை முடிவு பண்ணிட்டா. விட்டுற வேண்டியதுதான். கைப்பையில பேனா கூட எடுத்து வெச்சிருந்தா. அஞ்சுகம் போட்டுப் பாத்து, கண்ணு விரிஞ்சு, 'யாரு தைச்சது?'ன்னு கேக்கணும். கேட்ட உடனே ஆபீசுக்கு ஒரு போன். அஞ்சு மணிக்குள்ள கதை முடிஞ்சிரும்.

நாலு மணிக்கு மேல படியில சத்தம்.

அஞ்சுகம் வந்தாங்க. அம்பது, அம்பத்தஞ்சு வயசு. கலகலப்பான முகம். முந்தானையை இழுத்துப் போத்தியிருந்தாங்க, வெயிலுக்கு.

"நீங்கதான் தைச்சதா? எனக்கு அளவே பாக்க வேண்டாம்மா. அந்தப் பச்சை ஜாக்கெட்டைக் குடுத்தா கண்ணை மூடிக்கிட்டுத் தைக்கலாம்னு செல்லையா சொல்லுவாரு."

"அதை விட நல்லா வந்திருக்குங்க," மங்கை சொன்னா. "போட்டுப் பாருங்க."

அஞ்சுகம் திரைக்குப் பின்னால போனாங்க.

மங்கை கண்ணாடிக்குப் பக்கத்துல போய் நின்னா.

வளையல் சத்தம் கேட்டுச்சு. ஹூக்கு போடற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ஒண்ணும் கேக்கல.

"ஆச்சுங்களா?"

திரை விலகுச்சு. அஞ்சுகம் கண்ணாடி முன்னாடி வந்து நின்னாங்க. முந்தானை கையில இருந்துச்சு.

வலது பக்கம் ஜாக்கெட் தோளைப் பிடிச்சுக்கிட்டு கச்சிதமா நின்னுச்சு. இடது பக்கம் தோள் இல்லாத இடத்துல துணி தூக்கிக்கிட்டு நின்னுச்சு. தோள் அதுக்கும் கீழ, தானா இறங்கிப் போயிருந்துச்சு. அரக்கு பைப்பிங் கழுத்துல ஒரு கோடு போட்ட மாதிரி ஓடி, இங்க பாரு, இந்தத் தோளைப் பாருன்னு காட்டிக்கிட்டு இருந்துச்சு.

அஞ்சுகம் ஜாக்கெட்டைப் பாக்கல. தன் தோளைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. வேற யாரோ ஒருத்தரோட தோளைப் பாக்கற மாதிரி.

"பொறந்ததுல இருந்தே இப்படித்தான்"னாங்க. "பள்ளிக்கூடத்துல தராசுன்னு கூப்பிடுவாங்க. அப்புறம் கல்யாணம் ஆச்சு, செல்லையா தைக்க ஆரம்பிச்சாரு. அதுக்கப்புறம் யாரும் ஒண்ணும் சொல்லல."

இடது தோளை விரலால தொட்டுப் பாத்தாங்க.

"நானே மறந்துட்டேன்மா."

மங்கை கிட்டப் போய் அந்தத் துணியை நீவினா, அது படியல.

அஞ்சுகம் சிரிச்சுக்கிட்டே பேசினாங்க.

"தையல் ரொம்ப அழகா இருக்கு. உங்க மேல தப்பில்ல. என் உடம்புதான் கோணல். பரவால்ல, முந்தானையை இப்படி இழுத்துப் போத்திக்கிறேன். ஒரு நாள்தானே? நான் பின்னாலயே நின்னுக்கறேன். போட்டோவுல என்னைய யாரு பாக்கப் போறாங்க?"

முந்தானையைத் தோள் மேல ஏத்திப் போட்டாங்க. அது வழுக்கி விழுந்துச்சு. மறுபடி ஏத்தினாங்க.

மங்கை பொற்கொடியைப் பாத்தா.

ஏதாவது சொல்லுவா. திட்டவாவது செய்வா.

பொற்கொடி ஒரு பாவாடைக்கு மடிப்பு பிடிச்சுக்கிட்டு இருந்தா. வாயில ஊசி. கண்ணு மட்டும் ஒருதரம் மங்கை மேல வந்துட்டுப் போச்சு.

மேஜையோரத்துல பழைய ஜாக்கெட் கிடந்துச்சு. மங்கை அதை எடுத்தா. கோணல் தோள், இறங்கின கைக்குழி, இழுத்த கழுத்து. எடுத்துட்டுப் போய் அஞ்சுகத்தோட இடது தோளுக்குப் பக்கத்துல பிடிச்சா.

ஒரு நூல் கூட அங்க இங்க இல்ல.

*

"கழட்டிட்டு வாங்க"ன்னா மங்கை. "போட்டுட்டு வந்த ஜாக்கெட்டையே போட்டுக்கங்க. கொஞ்சம் உக்காருங்க. டீ சொல்றேன்."

"வேண்டாம்மா. இவ்வளவு அழகா வெச்சிருக்கீங்க, அதைப் போய்..."

"கழட்டுங்க."

மங்கை ஜன்னல் பக்கமா உக்காந்தா. பிளேடை எடுத்தா.

முதல்ல பைப்பிங் போச்சு. அரக்கு நூல் மடியில சுருண்டு விழுந்துச்சு. அப்புறம் கை. அப்புறம் தோள். நூல் நூலா எடுத்தா. மூட்டை மூட்டையா பிரிச்ச கை, தடுமாறல. துணிக்கு ஒரு கீறல் விழல.

போன் அடிச்சுச்சு. ஆபீஸ் நம்பர்.

மங்கை அதைக் கவுத்து வெச்சா.

பிரிச்சு முடிச்சு, கை வெக்காமலே ஜாக்கெட்டை அஞ்சுகத்துக்கு மாட்டிவிட்டா. கண்ணாடியைப் பாக்கல, ஆளைப் பாத்தா. இடது தோளைத் தொட்டா. எலும்பு எங்க முடியுது, சதை எங்க இறங்குதுன்னு விரலால பாத்தா. துணியை அங்க கொண்டுபோய்ப் பிடிச்சா. அவளோட ரெண்டு கையும் துணியில மாட்டிக்கிச்சு. ஊசி எடுக்கக் கையில்ல.

பொற்கொடி ஊசி டப்பாவைத் தள்ளிவிட்டா.

மங்கை ஒரு கையை விட்டு, ஒரு பிடி குண்டூசியை எடுத்து உதட்டுக்கு நடுவுல வெச்சுக்கிட்டா.

"மூச்சு விடலாமா?" அஞ்சுகம் கேட்டாங்க.

"ம்."

"கையைத் தூக்கினா இழுக்குமே. மாப்பிள்ளை வீட்டுக்குத் தட்டு தூக்கிக் குடுக்கணும் நான்."

மங்கை அவங்க கையைத் தூக்கிப் பாத்தா. இறக்கினா. ஒரு ஊசியை எடுத்து ஒரு நூல் தள்ளிக் குத்தினா.

"என் மக சொல்லுவா, அம்மா நீ முன்னாடி வந்து நில்லு, நீ இல்லாம போட்டோ வேண்டாம்னு."

மங்கை குனிஞ்சு கைக்குழியைப் பாத்தா. உள்ள விட்டு வெச்சிருந்த துணியைப் பக்கவாட்டுல இருந்து எடுத்தா. கழுத்தை ஒருபக்கமா இழுத்து விட்டா. இலை போச்சு. வெறும் கோணல் வளைவு. தோள் மேல அது படுத்துக்கிச்சு.

அஞ்சுகம் கண்ணாடியைப் பாத்தாங்க. ஜாக்கெட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லல. நெத்தியில பொட்டு கலைஞ்சிருந்துச்சு, அதைச் சரி பண்ணிக்கிட்டாங்க. ஒரு முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால விட்டாங்க.

"ஏம்மா, கல்யாணம் தையில. அதுக்கும் நீங்கதானே தைப்பீங்க?"

"ம்."

அஞ்சுகம் கொஞ்சம் தள்ளி நின்னாங்க. வெளிச்சம் நேரா தோள்ல விழுந்துச்சு.

போன் மறுபடி அடிச்சுச்சு. இந்தத் தடவை வீட்டு நம்பர். விடாம அடிச்சுச்சு. பொற்கொடி எட்டி எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, மேஜை மேல வெச்சா.

"மங்கை? ஆபீஸ்ல இருந்து எனக்கே பேசிட்டாங்க. நீ போனை எடுக்கலியாமே? அஞ்சாகப் போகுது. தூத்துக்குடியா, இல்ல எழுதிக் குடுக்கறியா? ஏதாவது ஒண்ணு சொல்லு. இந்தத் தடவை நான் உன் இஷ்டம்னு சொல்ல மாட்டேன். நெஜமாத்தான் கேக்கறேன்."

மங்கை அடுத்த ஊசியை எடுத்தா. எங்க குத்தலாம்னு அஞ்சுகத்தோட தோளையே பாத்துக்கிட்டு இருந்தா.

"மங்கை? லைன்ல இருக்கியா?"

பொற்கொடி தன் வாயில இருந்த குண்டூசியை ஒண்ணொண்ணா எடுத்து டப்பாவுல போட்டா. போன் பக்கமா குனிஞ்சா.

"அண்ணே, அக்கா வாயில ஊசி இருக்கு. அப்புறமா பேசுங்க."